கணக்கு மேசை: எண்ணுவது மரத்தையா, இடைவெளியையா?

கேள்வி: என் மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். '135 மீட்டர் நீளமுள்ள நேர்சாலையின் ஓரத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 9 மீட்டருக்கு ஒரு செம்பனை. எத்தனை மரம்?' என்ற கணக்குக்கு 15 என்றாள். விடை 16. அடுத்த கணக்கில் 135 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத் திடலைச் சுற்றி அதே இடைவெளி. உஷாராக 16 என்று எழுதினாள், அங்கே விடை 15! பிள்ளை குழம்பிப்போய்விட்டாள், எனக்கும் விளங்கவில்லை.
— ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, 135-ஐ 9-ஆல் வகுத்து 15 கண்டாளே, அது சரி. ஆனால் அந்த 15 மரமல்ல, இடைவெளி. மகளின் கையை விரிக்கச் சொல்லுங்கள். விரல் ஐந்து, நடுவே சந்து நான்கு. இனி சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் வளைத்துத் தொடச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு சந்து சேர்ந்து, சந்தும் ஐந்தாகிவிடும். நேர்சாலையில் மரம் ஒன்று கூடுவதும் வட்டத்தில் கூடாததும் இதனால்தான்.

'ஒன்றைக் கூட்டு' என்று சூத்திரமாக மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். கணிதப் போட்டியில் கேள்வியை மாற்றிப் போடுவார்கள். சாலையின் ஒரு முனையில் வாயிற்கதவு இருந்து அங்கே மரம் இல்லையென்றால் 15. இரு முனையிலும் இல்லையென்றால் 14. சாலையின் இருபுறமும் என்றால் 16-ஐ இரட்டித்து 32. இங்கே பல பிள்ளைகள் 15-ஐ இரட்டித்து ஒன்றைக் கூட்டி 31 என்று எழுதுவார்கள். ஒவ்வொரு புறத்துக்கும் தனியாக ஒன்று கூடவேண்டும் என்பது மறந்துபோகிறது. சாலை 140 மீட்டராக இருந்தால்? 15 இடைவெளி போக 5 மீட்டர் மீதி, அதில் அடுத்த மரத்துக்கு இடமில்லை. முதல் முனையில் தொடங்கினால் 16 மரம்தான்.

இதே கணக்கு வேறு உடையிலும் வரும். ஒரு மரக்கட்டையை 5 துண்டாக அறுக்க 20 நிமிடம். அதே அளவுள்ள கட்டையை 10 துண்டாக அறுக்க எவ்வளவு நேரம்? 40 என்று கை தானாக எழுதும். நேரம் பிடிப்பது துண்டுக்கல்ல, வெட்டுக்கு. 5 துண்டுக்கு 4 வெட்டு, ஆக ஒரு வெட்டுக்கு 5 நிமிடம். 10 துண்டுக்கு 9 வெட்டு, 45 நிமிடம். எந்தக் கணக்கானாலும் முதலில் மூன்று மரம், மூன்று துண்டு என்று சின்னதாகப் படம் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறு வராது.

கேள்வி: '1 முதல் 100 வரை 7 எத்தனை முறை வரும்?' என் மாணவர்கள் 19 என்றும் 20 என்றும் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.
— தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பதில்: ஐயா, இரு கட்சியும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. கேள்விதான் தெளிவாக இல்லை. 7 என்ற இலக்கத்தை எண்ணினால் ஒன்று இடத்தில் 10, பத்து இடத்தில் 10, ஆக 20. 7 உள்ள எண்களை எண்ணினால் 77 ஒரே எண், அதனால் 19. 'இலக்கம்', 'எண்' என்ற சொற்களின் கீழ் கோடு போட வையுங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 1000 வரை கொடுங்கள். 7 உள்ள எண்களை நேராக எண்ணினால் 77, 707, 777 எல்லாம் திரும்பத் திரும்ப வந்து காலை வாரும். இல்லாதவற்றை எண்ணுவது சுலபம். 000 முதல் 999 வரை ஒவ்வோர் இடத்திலும் 7 தவிர 9 இலக்கம் வரலாம்: 9 × 9 × 9 = 729. ஆயிரத்தில் 729 போக 271. 000-க்குப் பதில் 1000-ஐ வைத்தாலும் இரண்டிலும் 7 இல்லை, ஆகவே விடை மாறாது. இந்தக் கடைசி வரியையும் எழுத வையுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் இருக்கிறேன். மலாய்மொழிப் பயிற்சித் தாளில் கணக்கு தெரிந்தும் தவறிவிடுகிறது.
— ஒரு மாணவன்

பதில்: தம்பி, சிக்கல் சில சொற்களில்தான். 'ஹாசில் தம்பா' கூட்டுத்தொகை, 'ஹாசில் டாராப்' பெருக்குத்தொகை. 'நோம்போர் பெர்டானா' பகா எண். 'பெர்துருத்-துருத்' அடுத்தடுத்து வருவது. 'பாக்கி' நம் கடைப் பாக்கிதான், மீதி. மிகவும் ஏமாற்றுவது இந்த ஜோடி: 'செகூராங்-கூராங்ஞா 3' (குறைந்தது 3) என்றால் 3-ம் சேரும், 'லெபே டாரிபாடா 3' (3-ஐ விட அதிகம்) என்றால் முழு எண்களில் 4-இலிருந்துதான்.

பிழையைக் கணக்கே காட்டிக்கொடுப்பதும் உண்டு. அடுத்தடுத்த இரு முழு எண்களின் ஹாசில் டாராப் 156 என்றால் அவை 12, 13. அதைக் கூட்டுத்தொகை என்று படித்தால் விடையே கிடைக்காது, ஏனென்றால் அடுத்தடுத்த இரு எண்களில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை, கூட்டினால் எப்போதும் ஒற்றைதான். இப்படி முட்டுச்சந்து வந்தால் கேள்வியை மறுபடி படி.

கேள்வி: மகன் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் விட்டுப் பிடிக்கலாம்?
— ஒரு தகப்பனார்

பதில்: வீட்டுப் பயிற்சியில் 15 நிமிடமாவது விடுங்கள். பிறகும் விடையைக் காட்டாதீர்கள், 'சின்ன எண்ணை வைத்துப் பார்' என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் விடையை ஒருமுறை படிக்கவிட்டு மூடிவையுங்கள். மூன்று நாள் கழித்து வெறுந்தாளில் அவனே போடட்டும். நாளுக்கு மூன்று கணக்கு போதும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கடிகாரம் வைத்து முழுத்தாள் செய்யச் சொல்லுங்கள்.