பழைய மரத்தில் வீட்டுத் தரை: 700 ரூபா என்பது எதன் விலை?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டைத் திருத்தி வருகிறோம். மண்டபமும் இரண்டு அறைகளும் சேர்ந்து 600 சதுர அடி. இடித்த பழைய வீடொன்றிலிருந்து எடுத்த தேக்கு, சமண்டலைப் பலகைகளைச் சதுர அடி 700 ரூபாவுக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சீவி விளிம்பு எடுப்பதற்கு 150 ரூபாவும், பதித்து மெருகிடுவதற்கு 250 ரூபாவும் ஓடாவி கேட்கிறார். டைல்ஸ் என்றால் பதிப்புக் கூலியோடு 650 ரூபாதான். கையில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா இருக்கிறது. 15 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது. அது முதிர இன்னும் 5 மாதங்கள் உள்ளன. அதன் மாத வட்டி எங்கள் மருந்துச் செலவுக்குப் போகிறது. மிகுதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் தம்பி. மகளின் குழந்தை இப்போதுதான் தவழ்கிறான். மரத்தரை போடுவது புத்தியா?

பதில்: அன்புள்ள அம்மா, நீங்கள் 700, 150, 250 ஆகியவற்றைக் கூட்டி, சதுர அடி 1,100 ரூபா, மொத்தம் 6 இலட்சத்து 60 ஆயிரம் என்று கணக்கிட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. வியாபாரி அளந்து தருவது ஆணியோடும் வெடிப்போடும் கிடக்கும் பலகையை. நீங்கள் நடக்கப்போவது அதிலிருந்து வெட்டிக் கழித்து மிஞ்சிய பலகையின் மேல். நுனி பிளந்த துண்டு, கறையான் அரித்த ஓரம், ஆணித் துளையில் விரிசல் விட்ட இடம், வைரம் (மரத்தின் உறுதியான உட்பகுதி) இல்லாத வெளிறு ஆகிய எல்லாவற்றையும் தள்ளினால், பழைய மரத்தில் கால் பங்கு கழிவாகப் போவது வழக்கம். ஆகவே 600 சதுர அடி தரைக்கு நீங்கள் 800 சதுர அடி வாங்க வேண்டும். மரத்துக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம், ஓடாவிக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம், ஆக மொத்தம் 8 இலட்சம். முடிந்த தரையின் விலை சதுர அடிக்கு ஏறத்தாழ 1,333 ரூபா, அதாவது டைல்ஸின் இரு மடங்கு. டைல்ஸ் 3 இலட்சத்து 90 ஆயிரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் வியாபாரியிடம் கேளுங்கள்: பலகையின் தடிப்பு என்ன? மரக்காலைகளில் மரம் கன அடியில் விற்கப்படுகிறது, உங்களுக்கோ சதுர அடியில் விலை சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை 12 சதுர அடி சேர்ந்தால் ஒரு கன அடி. அப்படியானால் நீங்கள் கன அடிக்கு 8,400 ரூபா கொடுக்கிறீர்கள். பலகை முக்கால் அங்குலம்தான் என்றால் ஒரு கன அடிக்கு 16 சதுர அடி வரும், விலை 11,200 ரூபாவாகிவிடும். அதோடு சீவிய பின் அரை அங்குலமே மிஞ்சும், அதில் பலகைகளை ஒன்றோடொன்று கோப்பதற்கான நாக்கும் பள்ளமும் எடுப்பது கடினம். இந்தக் கன அடி விலையைத் தாளில் எழுதிக்கொண்டு, அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்திலும் வேறு இரண்டு மரக்காலைகளிலும் புதிய தேக்கின் விலையைக் கேளுங்கள். வித்தியாசம் சிறிதென்றால், ஆணி பிடுங்கும் தொல்லையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பழைய மரத்தின் மேல் உங்களுக்குள்ள விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, எனக்கும் அந்த விருப்பம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சமண்டலை, கடல் கடந்த மர வணிகத்தில் நமது ஊரின் பெயராலேயே திருகோணமலை மரம் என்று அறியப்பட்டது. பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்து கிடந்த சமண்டலையோ தேக்கோ, அண்மையில் அறுத்த மரத்தைவிடத் திருகல் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த நன்மை நல்ல துண்டுகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே குவியலைப் பார்த்து விலை பேசாதீர்கள், ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் பாருங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பலகையின் மேல் மெல்ல நகர்த்தினால், தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் அது பிடித்துக்கொள்ளும். ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஊறிய கறை தேக்கில் ஆழமாக இறங்கியிருக்கும், அது சீவினாலும் போகாது. பேனாக்கத்தியின் நுனியைப் பலகையின் ஓரத்தில் அழுத்துங்கள். வைரம் கத்தியை உள்ளே விடாது, கறையான் தின்ற இடத்தில் கத்தி மாவுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். ஆணி மிஞ்சிய பலகையை ஏற்றியதால் மர ஆலை வாளின் பல் உடைந்து, அந்தச் செலவும் வீட்டுக்காரர் கணக்கில் ஏறியதை நான் என் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் கண்டிருக்கிறேன். வாள் சேதம் யாருடைய பொறுப்பு என்பதை ஆலைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை தவழும் வீடென்பதால் இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பழைய பெயின்ற் பூசிய பலகையில் ஈயம் இருக்கக்கூடும். அதை வீட்டுக்குள் வைத்துச் சுரண்டுவதோ தீயால் சுட்டு உரிப்பதோ கூடாது. பெயின்ற் இல்லாத பலகைகளையே தெரிவுசெய்யுங்கள். அடுத்தது, புகையிரதப் பாதையின் பழைய சிலிப்பர் கட்டைகள். தார் வாசனையுள்ள கிரியோசோட்டு எண்ணெய் ஊறிய கட்டையை அறுத்துப் பலகையாக்கினாலும் அதன் நச்சு மரத்துக்குள்ளேயே இருக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வீட்டுக்குள் வரக்கூடாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். முழுவதும் மரம் என்றால் உங்களுக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் குறையும். அந்தத் தொகைக்கு நகையை அடகு வைத்து, உதாரணமாக ஆண்டுக்கு 14 சதவீத வட்டி என்று எடுத்தாலும், ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 35,000 ரூபா. நகை விடயத்தில் வட்டியைவிட எனக்குப் பெரிய கவலை, ஓய்வூதியத்தில் வாழும் இருவர் தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும் என்பதே. அவசர வைத்தியச் செலவு வரும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்க வேண்டிய நகையைத் தரைக்காக இழக்கும் நிலையை உண்டாக்காதீர்கள்.

நிலையான வைப்பை இடையில் முறிக்கவும் வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுத்தால், பணம் கிடந்த காலத்துக்குக் குறைந்த வட்டி வீதத்தில் வங்கி மறுகணக்குப் போடும். நீங்கள் மாதாமாதம் கூடிய வீதத்தில் வட்டி பெற்றுவிட்டதால், அதிகமாகப் பெற்றது முதல் தொகையிலிருந்து கழிக்கப்படும். வைப்பின் மேல் கடன் எடுப்பது இந்த மூன்றிலும் சேதம் குறைந்த வழிதான், ஆனால் அதன் வட்டி உங்கள் மருந்துக் காசிலிருந்துதான் போகும். இடையே ஒரு சிறு குறிப்பு: 2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. உங்களில் யாருடைய பெயரில் வைப்பு இருக்கிறதோ, அவருடைய ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாது என்றால், அந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது.

என் ஆலோசனை இதுதான். நீங்கள் இருவரும் அதிக நேரம் இருக்கும் அறை ஒன்றுக்கு மட்டும் மரம் போடுங்கள். அது 150 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 200 சதுர அடி பலகைக்கு 1 இலட்சத்து 40 ஆயிரமும் ஓடாவிக்கு 60,000 உம் ஆகும். மிகுதி 450 சதுர அடிக்கு டைல்ஸ் 2 இலட்சத்து 92 ஆயிரத்து 500. மொத்தம் 4 இலட்சத்து 92 ஆயிரத்து 500. கையிலுள்ள காசில் 57,500 ரூபா மிஞ்சும். எதிர்பாராத சேதத்துக்கு அது அப்படியே இருக்கட்டும். விற்கும்போது மரத்தரையால் விலை கூடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இங்கே வீடு வாங்க வருபவர் காணியையும் தண்ணீரையும் பாதையையும்தான் பார்ப்பதாக என் அனுபவம் சொல்கிறது.

வாங்கிய பலகையை உடனே பதிக்க வேண்டாம். நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் மாரி மழை நடுவே பலகையை இறுக்கிப் பதித்தார்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் மரம் சுருங்கி, பலகைகளுக்கு இடையே இரண்டு ரூபாக் குற்றி செருகும் அளவுக்கு இடைவெளி விட்டது. திருத்துவதற்கு மறுபடியும் கூலி கொடுத்தார்கள். நேர்மாறாகக் கச்சானில் இறுக்கிப் பதித்தால், வாடைக்காற்று மழையில் மரம் ஊதித் தரை மேலெழும்பும். ஆகவே, பதிக்கப்போகும் அதே அறையில் பலகைகளுக்கு இடையே சட்டங்கள் வைத்து மூன்று வாரமாவது அடுக்கி வைத்து, மழை ஓய்ந்த பின் பங்குனி, சித்திரையில் வேலையைத் தொடங்குங்கள். ஓடாவியிடம் ஈரமானி இருந்தால், அது பலகையின் ஈரத்தை 12 இற்கும் 15 சதவீதத்துக்கும் இடையில் காட்ட வேண்டும். சீமெந்துத் தளத்தின் மேல் தடித்த பொலித்தீன் விரிக்காமல் பலகையைப் பதிக்க விடாதீர்கள். சுவரோரம் அரை அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள்.

முற்பணத்தை, பலகைகளை நீங்களே பொறுக்கி எடுத்து, சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிட்ட பிறகே கொடுங்கள். பற்றுச்சீட்டில் மர இனம், தடிப்பு, அளவு, எந்த வீட்டிலிருந்து எடுத்த மரம் என்பன எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய மரம் என்பதற்காக வழியில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணாதீர்கள். மரம் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரம் பற்றி வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்து, பத்திரம் கைக்கு வந்த பின்னரே லொறியை வரச் சொல்லுங்கள். மீதிப் பணத்தைப் பலகை வீட்டு வாசலில் இறங்கி, அடையாளமும் எண்ணிக்கையும் சரிபார்த்த பிறகு கொடுத்தால் போதும்.