அன்றைக்கும் அவருக்குப் பசித்தது

அன்புள்ள அம்மா,

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 58, என் வீட்டுக்காரருக்கு 62. அனவ்ரதா சாலைக்குப் பக்கத்தில் மாமனார் காலத்து மளிகைக் கடை எங்களுடையது. இரண்டு மூன்று வருடமாகவே அவர் நடவடிக்கை சரியில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையின் முன்பகுதி சுருங்கியிருக்கிறது, ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார். டிமென்ஷியா என்றால் மறதிதானே? இவருக்கு மறதியே கிடையாது. 1987-ல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனபோது கல்லாவில் எந்த நோட்டு எத்தனை இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். இவ்வளவு ஞாபகம் இருப்பவருக்கு என் அம்மாவின் சாவு மட்டும் ஏன் உறைக்கவில்லை?

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், படத்துக்கு முன்னால் வைத்திருந்த படையலிலிருந்து லட்டை எடுத்து எல்லோர் கண்ணெதிரிலும் தின்றார். "பந்தி எப்போது போடுவீர்கள்?" என்று புரோகிதரையே கேட்டார். என் அப்பா இறந்தபோது, நான் ஒரு வாய் காப்பி குடிக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்த மனிதர் இவர். காளி கோவில் திருவிழாவுக்கு வருடக்கணக்கில் கணக்கு எழுதியவர். இன்று அங்கே போனால் வரிசையில் நிற்கும் குழந்தைகளைத் தள்ளிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டுகிறார். கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் அவருக்குப் பிரஷர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மோல்மேனில் இருக்கும் நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம், "என் தம்பி தங்கமானவன், நீ கவனிக்கிற லட்சணத்தில்தான் இப்படி ஆகிவிட்டான்" என்கிறார். ஞாபகசக்தி மாத்திரை என்று எதையோ வாங்கி அனுப்புகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோ, "அப்பா போனில் நன்றாகத்தானே பேசுகிறார், நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்கிறான். போன மாதம் கடையில் வேலை பார்க்கும் பர்மியப் பெண்ணிடம் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். அவள் அப்பா வந்து கடை வாசலில் சத்தம் போட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு எவ்வளவு அவமானம்!

நான் அழுதால் ஏன் என்று கேட்பதில்லை. வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து அழுது பார்த்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். (குடித்தவன் வாயில்தான் உண்மை வரும் என்பார்கள். கல்யாணமான இந்த 35 வருடமும் உள்ளே அடக்கி வைத்திருந்த ஆள்தான் இப்போது வெளியே வந்துவிட்டாரோ என்று சில ராத்திரிகளில் தோன்றும். பைத்தியக்கார எண்ணம், விடுங்கள்.) டீக்கு வாங்கி வைக்கும் டின் பாலைக் கரண்டியால் வழித்து ஒரே மூச்சில் காலி செய்கிறார். ஒளித்து வைத்தால் வீட்டையே புரட்டிப் போடுகிறார். விற்கிற விலையில் எத்தனை டின் வாங்குவது? நாத்தனாருக்கு நான் என்ன பதில் சொல்வது? மகனுக்கு எப்படிப் புரியவைப்பது? இத்தனை செய்தும் எனக்குக் கிடைத்த பெயர் இதுதானா?

— பெயர் வேண்டாம், யாங்கோன்

•

அன்புச் சகோதரிக்கு,

நாத்தனாரையும் டின் பாலையும் பிறகு பார்க்கலாம். "விடுங்கள்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். லட்டு, பொங்கல், டிவி சத்தம் என்று நீங்கள் அடுக்கியிருப்பதெல்லாம், நான் யாருடன் வாழ்ந்தேன் என்ற ஒரே கேள்விக்கு நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் சாட்சிகள்.

நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாம் அதிகம் கேள்விப்படும் அல்சைமர் நோய் பெரும்பாலும் ஞாபகத்தைப் பதியவைக்கும் பகுதியில் தொடங்கும். உங்கள் கணவருடைய நோய் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலிலும், பக்கமடலின் முன்முனையிலும் தொடங்குகிறது. 45-லிருந்து 65 வயதுக்குள் வருவதுதான் அதிகம். 1892-ல் பிராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்ட் பிக் முதன்முதலாக இதைப் பற்றி எழுதினார். டாவ், டிடிபி-43 போன்ற புரதங்கள் உயிரணுக்களுக்குள் தாறுமாறாகச் சேர்ந்து, அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கின்றன. ஞாபகம் ஆரம்ப வருடங்களில் பெரிதாகக் கெடுவதில்லை. 1987-ன் நோட்டுக் கணக்கு பத்திரமாக இருப்பதும், லட்டில் கை போவதும் ஒரே தலைக்குள் நடப்பது அதனால்தான். இனிப்பின் மேல் அடங்காத வெறியும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

இன்னொன்றும் அங்கே அழிகிறது. எதிரில் ஒருவர் அழுதால் நமக்கு வயிற்றைப் பிசைகிறதே, அந்த உணர்வுக்கு இன்சுலா, முன் சிங்குலேட் என்ற பகுதிகள் வேலை செய்ய வேண்டும். அங்கே வான் எகனாமோ நியூரான்கள் என்ற பெரிய உயிரணுக்கள் இருக்கின்றன. இந்த நோய் முதலில் கை வைப்பவற்றில் அவையும் உண்டு. நீங்கள் அழும்போது அவர் காதில் விழுவது ஒரு சத்தம் மட்டும். அது டிவியைக் கேட்க விடாமல் செய்கிறது, அதனால் கூட்டுகிறார். தனக்கு நோய் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இப்போது குடிகாரன் பழமொழிக்கு வருகிறேன். குடி முதலில் மங்கவைப்பதும் இதே முன்மடலின் வேலையைத்தான். குடித்தவன் உளறுவதை உண்மை என்று எடுத்துக்கொள்வதிலேயே எனக்குச் சம்மதமில்லை. தடுப்பதற்கு ஆள் இல்லாமல் வெளியே விழுவதெல்லாம் உண்மை என்றால், நம்மில் ஒருவரும் தேற மாட்டோம். சாவு வீட்டில் எல்லோருக்கும் பசிக்கும். பந்தி எப்போது என்று எல்லோர் மனதிலும் ஓடும்.

உங்கள் அப்பா இறந்த அன்றைக்கு உங்கள் கணவருக்குப் பசிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்கும் பசித்திருக்கும். நீங்கள் காப்பி குடிக்கும் வரை அந்தப் பசியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அவர்தான் உங்கள் கணவர். அப்படிக் காத்திருக்கச் சொன்னதும் அவர் மூளையின் ஒரு பகுதிதான். இப்போது கரைந்துகொண்டிருப்பதும் அதே பகுதிதான். ஒளிந்திருந்த யாரோ வெளியே வரவில்லை. நீங்கள் அறிந்த மனிதரில் பெரும்பங்கு போய்விட்டது. அதற்குத் துக்கம் கொண்டாடுங்கள். சந்தேகப்பட்டு அந்த 35 வருடத்தையும் சேர்த்துத் தொலைக்காதீர்கள்.

அதனால் அவர் எதிரில் உட்கார்ந்து அழுது பார்க்கும் அந்தப் பரீட்சை இனி வேண்டாம். அவரால் அதில் தேற முடியாது. தோற்ற வலி மட்டும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு மிஞ்சுகிறது.

கொஞ்சம் கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி எழுதும்போது, "எனக்கு எவ்வளவு அவமானம்" என்று முடித்துவிட்டீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு வந்த இடத்தில் அவமானப்பட்டது அவள். உங்கள் கடிதத்தில் அவளுக்காக ஒரு வரிகூட இல்லை. நோய் என்பதால் உங்கள் கணவரை மன்னிக்கலாம். நோயை மறைத்ததற்கு அந்த மன்னிப்பு செல்லாது. பிரஷர் என்ற பொய்தான் அவளை எச்சரிக்கை இல்லாமல் அங்கே நிற்கவைத்தது. அவள் வீட்டுக்குப் போய், நடந்தது இன்ன நோயால் என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். இனி எந்தப் பெண்ணும் கடையில் அவருடன் தனியாக இருக்க வேண்டாம். கல்லாச் சாவியும் உங்களிடம் வரட்டும். இந்த நோயில் கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள் உண்டு.

கோவிலிலும் உண்மையைச் சொல்லுங்கள். திருவிழாக் கணக்கை அவருடன் உட்கார்ந்து பார்த்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர் மாறிவிட்டார் என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், காரணம்தான் தெரியாது.

நாத்தனார் அனுப்பும் மாத்திரையைப் பெட்டியோடு டாக்டரிடம் காட்டுங்கள். அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் போன்ற மருந்துகள் இந்த நோய்க்குப் பயன் தருவதில்லை, சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும். நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இந்த ஆவேசத்தைத் தணிக்கச் சிலருக்கு மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் உதவுகின்றன. அதையும் டாக்டரிடமே கேளுங்கள். டின் பாலை ஒளித்து வைப்பதைவிட வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது நல்லது. உங்கள் கணவரிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது.

மகனிடம் வாதாட வேண்டாம். பத்து நிமிடப் போன் பேச்சில் இந்த நோய் தெரியவே தெரியாது. லீவு போட்டு வரச் சொல்லுங்கள். வந்ததும் அப்பாவையும் கடையையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் நாலு நாள் மோல்மேனுக்குப் போய் நாத்தனார் வீட்டில் தங்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.