எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நிற்கிறது. அது இங்கிலாந்து காரா, மெட்ராஸ் காரா? கம்பெனி யார் யார் கைக்கு மாறியது?

இரண்டு கம்பெனிகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1903-இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. அவர்களும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் 1940-களின் கடைசியில் கூட்டாக ஆரம்பித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஆலை வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில். ஓயாமல் கைமாறியது கவென்ட்ரிக் கம்பெனிதான்.

ஏற்கெனவே டிரையம்ஃப் என்ற கார் கம்பெனியை வாங்கி வைத்திருந்த அந்தக் கவென்ட்ரிக் கம்பெனியை 1961-இல் லாரி, பஸ் செய்யும் லேலண்ட் வாங்கியது. 1963-இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே கைவிட்டார்கள். மெட்ராஸில் அந்தப் பெயர் இன்னும் 25 வருஷம் ஓடியது. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று விற்ற கார்தான் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

அந்தக் காரின் பாடி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. காரணம் வேடிக்கையானது. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டதால், பல பட்டறைகளில் சின்னச் சின்னதாகச் செய்து சேர்க்க வேண்டியதாயிற்று. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ் வைக்காமல் தயாரிக்க இது வசதி. மூட்டுகளில் மழைத்தண்ணீர் இறங்குவதும் அதனால்தான்.

1968-இல் லேலண்டும் பி.எம்.சி. வழிவந்த குழுமமும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயின. 1975-இல் அது அரசுடைமை. இதற்கிடையே, சுமார் 1970-இல், மெட்ராஸ் கம்பெனியில் பிரிட்டிஷ் பங்கு முடிவுக்கு வந்தது. புது மாடல் அங்கிருந்து வரவில்லை. அதனால் இவர்களே கைவைத்தார்கள்: பிரிட்டனில் இல்லவே இல்லாத நாலு கதவு ஹெரால்டு மார்க் 3, பிறகு 1972-இல் கேஸல். எஞ்சின் மட்டும் அதே 948 சிசி.

கேஸலில் செய்த முக்கிய மாற்றம் பின் ஆக்ஸில். ஹெரால்டில் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அரை ஆக்ஸிலோடு சக்கரமும் சாயும், வளைவில் வேகமாகத் திரும்பினால் உட்பக்கமாக மடங்கும். நம் ரோட்டுக்கு ஒத்துவராததால் அதைத் தூக்கிவிட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே விறைப்பான தண்டாக இணைக்கும் லைவ் ஆக்ஸில் போட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆலை செய்த உருப்படியான காரியம் இதுதான்.

1977-க்குப் பிறகு கார் இல்லை. ஸ்டாண்டர்ட் 20 வேன் மட்டும். 1985-இல் வந்தது ஸ்டாண்டர்ட் 2000. பிரிட்டனில் ஆயுள் முடியப்போகிற ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு; உள்ளே 1991 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின். அந்தக் காலத்து ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார் எஞ்சினின் வாரிசு. டிரையம்ஃப் கார்களில் 1967-உடன் அதற்கு வேலை முடிந்துவிட்டது. எஸ்டி1 என்பது வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு பிறந்த பெரிய கார், இந்த எஞ்சினால் இழுத்து மாளவில்லை. பெட்ரோல் குடித்தது, விலையும் எட்டாத விலை. அதற்குள் மாருதி 800 வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. 1988-இல் தயாரிப்பு நின்றது. டிரையம்ஃப் கார்ப் பெயர் இன்று பி.எம்.டபிள்யூ. கையில்.

வீட்டு ஷெட்டில் ஹெரால்டு நிற்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்யும் முன் முன்சக்கர சஸ்பென்ஷனின் அடிப்பக்க மூட்டான டிரனியனைப் பாருங்கள். மரையுள்ள செங்குத்து இணைப்பு அந்தப் பித்தளைத் துண்டுக்குள் திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில் ஏற்ற வேண்டும். கிரீஸ் நாளாவட்டத்தில் இறுகிப்போய் ஈரம் தங்கும், மரை துருப்பிடித்து இறுகும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இணைப்பு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். இறுகியிருந்தால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.