கார்பன் வரியும் தீவுக்காரர் பிழைப்பும்

கேள்வி: விமானத்துக்குக் கார்பன் வரி போட்டால் சுற்றுலாவை நம்பியிருக்கும் தீவுகள் என்ன செய்யும்? பூமியைப் பார்ப்பதா, தீவுக்காரர் வயிற்றைப் பார்ப்பதா? – வாசகர், திருவாரூர்

பதில்: வரியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. யாராவது அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். என் சண்டையெல்லாம் அந்த விலையை எதைவைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான்.

டிக்கெட் கவுண்டரில் நான் வேலை பார்த்த காலத்தில், லண்டனிலிருந்து கிளம்பும் டிக்கெட்டின் வரிப்பட்டியலில் 'ஜிபி' என்று இரண்டெழுத்து இருக்கும். பிரிட்டனின் விமானப் பயணி வரி அது. "இது என்ன சார், டிக்கெட்டுக்கு மேல ஒரு டிக்கெட்டா?" என்று கேட்காதவர் குறைவு. 1994-ல் தொடங்கிய இந்த வரியை, 2009-ல் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி, தூரத்துக்கேற்ப நான்கு படிகளாகப் பிரித்தார்கள். தூரத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? லண்டனிலிருந்து அந்தந்த நாட்டின் தலைநகருக்கு! அதனால் வாஷிங்டனை வைத்து அமெரிக்கா முழுவதும் இரண்டாம் படி. பசிபிக் நடுவில் கிடக்கும் ஹவாயும் அதில் சேர்த்தி. அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கும் கரீபியத் தீவு நாடான பார்படாஸ், 4,000 மைலைக் கொஞ்சம் தாண்டிவிட்டதால் மூன்றாம் படி. நம் இந்தியாவும் அதே படிதான். 2012-ல் சாதா வகுப்பில் இரண்டாம் படிக்கு 65 பவுண்டு, மூன்றாம் படிக்கு 81. நாலு பேர் குடும்பம் பார்படாஸ் போனால், ஹவாய் போகிறவர்களைவிட 64 பவுண்டு கூடுதல். இதில் கார்பன் கணக்கு எங்கே இருக்கிறது?

ஓர் இரவுக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்துத் தங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அடிபட்டவர்கள் சின்ன விடுதிக்காரர்களும், பிரிட்டனில் குடியேறி வருஷத்துக்கொரு முறை பிள்ளைகளோடு பாட்டி வீட்டுக்குப் போகும் கரீபியக் குடும்பங்களும்தான். ஐரோப்பாவுக்குள் சுற்றுபவருக்காவது ரயில் உண்டு, இவர்களுக்கு என்ன உண்டு? கரீபிய நாடுகள் விடாமல் முறையிட்டதில், 2015 ஏப்ரலில் மேல் படிகளை இரண்டாம் படியோடு சேர்த்தார்கள். அடுத்த மாதமே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சாதா வகுப்பில் வரி நீங்கியது. ஒன்று கவனியுங்கள்: வசூலான பணம் முழுக்கப் பிரிட்டன் கஜானாவுக்கு. கடல் அரிக்கும் தீவுக்கு அதில் பங்கு கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு வேடிக்கை. அங்கே விமான நிறுவனம் கார்பனுக்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். மாட்ரிட்டிலிருந்து, ஸ்பெயினுக்கே சொந்தமான கேனரித் தீவின் டெனெரிஃபேவுக்குப் பறந்தால் 2030 வரை விலக்கு. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அதே டெனெரிஃபேவுக்கு வந்தால் விலக்கு இல்லை. மால்டாவும் சைப்ரஸும் தனி நாடுகள், ஆகவே அவற்றுக்கு இந்தத் தாய்நாட்டுச் சலுகை எட்டாது.

கேள்வி: 2027-ல் இந்தியாவும் உலகக் கார்பன் திட்டத்தில் சேர்கிறதாமே, மாலத்தீவு டிக்கெட் எகிறுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வது 'கோர்சியா'. அது பயணியிடம் வாங்கும் வரி இல்லை. 2019 அளவில் 85 சதவீதத்தைத் தாண்டும் உமிழ்வுக்கு விமான நிறுவனங்கள் ஈடு வாங்க வேண்டும், அதாவது வேறிடத்தில் கார்பனைக் குறைக்கும் வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். வளரும் சின்னத் தீவு நாடுகள் விரும்பினால் மட்டும் சேரலாம். கிளம்பும் நாடு, இறங்கும் நாடு இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அந்த விமானத் தடம் கணக்கில் வரும். இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது மாலத்தீவே வாங்கும் பணம். 2024 டிசம்பரிலிருந்து வெளிநாட்டவர் கிளம்பும்போது சாதா வகுப்பில் 50 டாலர் புறப்பாட்டு வரி, அப்புறம் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் என்று இன்னொரு 50. இதுவும் சின்னத் தொகை இல்லை, ஆனாலும் அந்தத் தீவுக்கே போகிறது என்பதால் எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. இரண்டும் டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும், விமான நிலையத்தில் யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.