கொம்பனி மாறினால் பென்ஷன் என்னாகும்?

கேள்வி: ஐயா, 2003இலிருந்து இங்கிலாந்தில் ரயில் கார்டாக வேலை செய்கிறேன். இதுவரை மூன்று கொம்பனிகளின் கோட்டுப் போட்டாயிற்று. அடுத்ததாக அரசாங்கமே எங்கள் சேவையை எடுக்கப்போகிறதாம். 2019இல் பென்ஷன் பற்றாக்குறையைச் சுமக்க மாட்டோம் என்ற கொம்பனிகளை டெண்டரிலிருந்தே விலக்கினார்கள் என்று கூட வேலை செய்பவர் சொன்னார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. பெரிய கொம்பனிகளே பயந்த கடன் கடைசியில் எங்கள் தலையில்தான் விடியுமா?
- ஒரு வாசகர், டார்பி

பதில்: உங்கள் பென்ஷன் எந்தக் கொம்பனியின் கல்லாப்பெட்டியிலும் இல்லை. அது 1994இல் அமைக்கப்பட்ட ரயில்வே ஓய்வூதியத் திட்டத்தில், அறங்காவலர் பொறுப்பில் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு ரயில் கொம்பனிக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. ஒப்பந்தம் கைமாறும்போது அந்தப் பிரிவு இருப்போடும் கடனோடும் சேர்ந்து புதிய முதலாளியிடம் போகும். பழைய கொம்பனி தன் காலத்துக்குரிய பங்கைக் கட்டிவிட்டு நடையைக் கட்டிவிடும். உங்களுக்கு இரண்டு தடவை நடந்ததும் இதுதான்.

சண்டையும் இங்கிருந்துதான் வந்தது. அந்நாளில் கொம்பனி ஏழெட்டு வருடக் குத்தகைக்கு வந்தது. பென்ஷன் வாக்குறுதியோ நீங்கள் கண்மூடும் வரைக்கும். ரயில்துறையின் பென்ஷன் பற்றாக்குறையை அடைக்க மேலும் 5 முதல் 6 பில்லியன் பவுண் தேவைப்படலாம் என்று ஓய்வூதிய ஒழுங்காற்றுநர் கருதுவதாகப் பேச்சு எழுந்ததும், தங்கள் காலத்தில் பங்குத்தொகை எவ்வளவு ஏறும் என்று கொம்பனிகள் கலங்கின. அந்த அபாயத்தில் பெரும்பகுதியை டெண்டர் போடுபவரே ஏற்க வேண்டும் என்றது போக்குவரத்து அமைச்சு. ஸ்டேஜ்கோச் என்ற ரயில் கொம்பனி பென்ஷன் விதிகளைத் தனக்கு ஏற்றமாதிரித் திருத்தி விண்ணப்பத்தைக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் கிழக்கு மிட்லண்ட்ஸ், தென்கிழக்கு, மேற்குக் கடற்கரை ஆகிய ரயில் சேவைகளுக்கான மூன்று போட்டிகளிலிருந்தும் அதை விலக்கினார்கள். மேற்குக் கடற்கரைப் போட்டியில் அதோடு கூட்டுச் சேர்ந்திருந்த வேர்ஜினும் பிரெஞ்சு அரச ரயில் நிறுவனமும் சேர்ந்தே வெளியேறின.

விலக்கப்பட்ட கொம்பனிகள் போட்ட வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2020 யூன் 17 அன்று நீதியரசர் ஸ்டுவர்ட்-ஸ்மித் கொம்பனிகளின் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார். அளவிட முடியாத அபாயத்துக்கு விலை போடு என்பது என்ன நியாயம் என்ற அவர்களின் வாதத்தில் எனக்கு இன்றும் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனால் அமைச்சின் கொள்கை புத்திசாலித்தனமானதா என்பது நீதிமன்றம் தீர்க்கும் கேள்வி அல்ல. நிபந்தனையை மாற்றிக் கொடுத்தால் விலக்கப்படலாம் என்று டெண்டர் அழைப்பு ஆவணத்திலேயே இருந்தது. தெரிந்துகொண்டே மாற்றினார்கள்.

அமைச்சு எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். 2012இல் இதே மேற்குக் கடற்கரைப் பாதையை ஃபர்ஸ்ட்குரூப் என்ற கொம்பனிக்குக் கொடுப்பதாக ஓகஸ்டில் அறிவித்தார்கள். வேர்ஜின் வழக்குப் போட்டது. கொம்பனிகள் ஈடாக வைக்கவேண்டிய கடன்தொகையைக் கணக்கிட்டதில் அமைச்சு தன் வழிகாட்டலைத் தானே பின்பற்றவில்லை என்பது தெரியவந்து, ஒக்டோபரில் முழு டெண்டரையும் இரத்துச் செய்தார்கள். விதி எழுதியவரே விதியைத் தவறவிட்டால் அந்த டெண்டர் நிற்காது.

இனி உங்கள் தலைக்கு வருவோம். உழைத்துச் சேர்த்த பென்ஷனை, 1995ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி, உங்கள் சம்மதமின்றிக் குறைப்பது எளிதல்ல. கைவைக்கக்கூடியது இனிச் சேரப்போகும் பென்ஷன். இந்தத் திட்டத்தில் செலவை முதலாளி 60, தொழிலாளி 40 என்று பகிர்வதே வழக்கம். பற்றாக்குறை கூடினால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் தொகையும் ஏறலாம். தனியார்மயமாக்கலுக்கு முன்பே பிரிட்டிஷ் ரெயிலில் இருந்தவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2003இல் சேர்ந்த உங்களுக்கு அது கிடையாது. கூட வேலை செய்யும் மூத்தவர் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்றால் அது அவருக்குச் சரி, உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

அரசு எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. 2018 யூனில் கிழக்குக் கடற்கரைச் சேவையை அரசு எடுத்தபோதும் ஊழியர்கள் இதே திட்டத்தில்தான் தொடர்ந்தார்கள். 2024 நவம்பர் 28இல் வந்த, பயணிகள் ரயில் சேவையை அரசுடைமையாக்கும் சட்டத்தின்படி 2025 மே மாதம் தென்மேற்கு ரயில்வேயும் அரசிடம் வந்தது.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. ஆண்டுதோறும் வரும் பென்ஷன் அறிக்கையை எடுத்து, சேர்ந்த திகதி 2003 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பனி மாறிய நாளிலிருந்து புதிதாகச் சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தால் அதுதான் உண்மையான நட்டம். பகுதிநேரமாக வேலை செய்த காலம் இருந்தால் அதையும் சரிபாருங்கள். மூன்று கொம்பனிகளின் பழைய சம்பளச் சீட்டுகளை, ஒவ்வொன்றிலும் கடைசி மாதத்ததையாவது, எடுத்து வையுங்கள். பிழை இருந்தால் திட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, உள்ளக முறைப்பாட்டு வழியைக் கேளுங்கள். அங்கே சரிவராவிட்டால் ஓய்வூதியக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகவே போகலாம். பிழை தெரியவந்ததிலிருந்து பொதுவாக மூன்று வருடம்தான் தவணை. ஆகவே அறிக்கையைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போட்டு வைக்காதீர்கள்.