ஏலகிரியில் குடும்பத்தோடு நிதானமாகப் போட்டோஷூட் எடுக்க எப்படித் திட்டமிடுவது?

தாத்தா பாட்டி, சின்னக் குழந்தைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஏலகிரி போகிறோம், யாரையும் படுத்தாமல் நல்ல குடும்பப் படங்கள் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூர்க்காரன். எங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பலமுறை அந்த மலைக்குப் போனவன். முதல் நாள் சாயங்காலமே மேலே போய்த் தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் போட்டோவைத் தவிர வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

வேலூரிலிருந்து ஏலகிரி சுமார் 90 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார்கள், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் யாராவது ஒருவருக்குப் பாதி வழியிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். மேலே இறங்கியதும் "புடவை மாத்திட்டு வந்து நில்லு" என்றால் எந்த அத்தைக்குச் சிரிப்பு வரும்? ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் எல்லார் முகமும் தெளிந்துவிடும்.

வெளிச்சமும் அதையேதான் சொல்கிறது. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டம் இருக்கும், அந்த மென்மையான வெளிச்சம் எல்லா வயது முகத்துக்கும் பொருந்தும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏற ஏறக் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். சரி, மரத்தடிக்குப் போகலாம் என்றால் இலை இடுக்கு வழியாக முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதனால் ஒன்பதுக்குள் முடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் கிளம்பும்போதே பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிட வேண்டும், பசித்த குழந்தையைச் சிரிக்க வைக்க யாராலும் முடியாது.

இடம் ஒன்றே ஒன்று போதும். புங்கனூர் ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது, தாத்தாவுக்கு உட்கார இடம் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் படகும் உண்டு. சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூர் கூட்டம் அங்கேதான் வந்து இறங்கும், ஆகவே வார நாளைப் பாருங்கள். விடுமுறை நாள்தான் கிடைக்கிறது என்றால் அதே மலையில் இருக்கும் நிலாவூர் கிராமத்துப் பக்கம் போகலாம். ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலைக் குன்றின் உச்சிக்கு ஏறுவது இளவட்டங்களுக்குச் சரி, முழங்கால் வலி உள்ள பாட்டியை வைத்துக்கொண்டு வேண்டாம். வழியில் யாருடைய நிலத்திலாவது இறங்கி நின்று எடுக்க ஆசைப்பட்டால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலைக்கிராமத்து மக்கள் அங்கே பிழைப்பு நடத்துகிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து நிற்கும் படத்தை முதலில் எடுங்கள். அடுத்து தாத்தா பாட்டி இருவர் மட்டும், அப்புறம் பேரப்பிள்ளைகளோடு அவர்கள். அதோடு பெரியவர்களுக்கு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடலாம். மீதி நேரத்தில் "இங்க பாரு, சிரி" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். கொய்யாப்பழத்தை வெட்டி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுங்கள், பாட்டியைப் பழைய கதை சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருப்பவை எல்லாம் அப்படி எடுத்தவைதான். வருஷம் போகப் போக அவற்றின் மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

உடைக்கு எல்லாரும் ஒரே நிறம் கட்ட வேண்டியதில்லை. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருநீலம் மாதிரி நிறங்கள் மலைப்பச்சைக்கு முன்னால் எடுப்பாகத் தெரியும். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை சட்டை மட்டும் வேண்டாம், அந்தப் பச்சை முகவாயில் போய் ஒட்டிக்கொள்ளும். பாட்டி ஆரணிப் பட்டுதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், மேலே ஒரு சால்வை போதும். போனில் எடுப்பவர்கள் கிட்டே போகாமல் நாலடி பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே நின்று அகலமாக எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டு வரும்.

மலையேறவே முடியாத பெரியவர் இருந்தால் வேலூர் கோட்டையே நல்ல இடம். அகழி, புல்வெளி, கருங்கல் மதில் எல்லாம் சமதரையில் கிடைக்கும். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் ட்ரைபாட் வைத்து எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயிலை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், உள்ளே போன், கேமரா எதற்கும் அனுமதி கிடையாது.