லித்தியம் மாத்திரை: கை நடுக்கத்துக்குப் பயந்து நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. பைபோலார் நோய்க்கு (மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் நோய்) இரண்டு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். ஆனால் டம்ளரைப் பிடித்தால் கை லேசாக நடுங்குகிறது. தாகம் அதிகம், ராத்திரியில் சிறுநீருக்கு அடிக்கடி எழுந்திருக்கிறான். "கிட்னி போயிடும், நிறுத்திடு" என்கிறார் மாமா. நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் மேனியா (கட்டுமீறிய உற்சாக நிலை) சீக்கிரமே திரும்பலாம். தற்கொலை ஆபத்தும் கூடும். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார். இன்றும் இந்த நோய்க்கு இதைவிட நம்பகமான மருந்துகள் குறைவு.

மாமாவின் பயத்திலும் நியாயம் உண்டு. லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பல ஆண்டுகள் சாப்பிடும்போது சிலருக்கு அதன் வேலைத்திறன் குறையும், தைராய்டும் மந்தமாகும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., அதோடு கால்சியம் பார்க்கச் சொல்கிறோம். தம்பிக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தாகத்துக்குச் சர்க்கரையும் காரணமாகலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். தாகம் எடுத்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் லேசான நடுக்கம் பலருக்கு வருவதுதான். அளவைச் சற்றுக் குறைத்தோ, ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தோ மருத்துவர் சரிசெய்வார். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரை ஆகாது, அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் கை பெரிதாக உதறினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால், வாந்தி பேதியோடு மயக்கம் போலக் கிடந்தால் கதை வேறு. ரத்தத்தில் லித்தியம் ஏறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மட்டும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். ரத்தத்தில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, 1.5-ஐத் தாண்டினாலே நச்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு சிறியது.

அந்த அளவு ஏறுவதற்கு வீட்டில் நடக்கும் சாதாரண விஷயங்களே போதும். எனக்கு அதிகக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் உடம்புவலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் லித்தியத்தை வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். வலிக்கோ காய்ச்சலுக்கோ பாரசிட்டமால் பரவாயில்லை. லோசார்டன், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற பிரஷர் மாத்திரைகளும் அளவை ஏற்றும். எந்த மருத்துவரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், உப்பைத் திடீரென்று விட்டாலும் இதே ஆபத்துதான்.

அப்புறம், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நேரம். கடைசி வேளை சாப்பிட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு லேப். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.